பூனைக்குட்டி கேட்டால் படிவம் நீட்டுகிறார்களே, ஏன்?

சேலத்தில் பூனைக்குட்டி வேண்டுமென்றால் தெருவில் நாலு பேரிடம் சொல்லிவைத்தால் போதும். யாராவது ஒருவர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். இப்படிப் பழகியவர்கள், மீட்பு அமைப்பு ஒன்று போட்ட படத்தைப் பார்த்து "இந்தக் குட்டி எனக்கு" என்று செய்தி அனுப்பினால், பதிலுக்கு ஒரு படிவம் வருகிறது. சொந்த வீடா வாடகையா, ஜன்னலுக்கு வலை உண்டா, வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், கருத்தடைக்கு ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேள்விகள். அடையாள அட்டை நகல், வீட்டைச் சுற்றிக் காட்டும் வீடியோ, சில இடங்களில் ஒரு தொகையும் கேட்கிறார்கள். தெருவில் கிடந்த குட்டிக்கு இத்தனை கெடுபிடியா என்று பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

போதாததற்கு 2025 ஆகஸ்டிலிருந்து தெருநாய்கள் பற்றி வந்த உச்ச நீதிமன்ற உத்தரவுகளும் சென்னையில் வளர்ப்பு நாய்களுக்கு உரிமம், மைக்ரோசிப் என்று வந்த செய்திகளும் சேர்ந்து, பூனை வளர்க்கவும் ஏதோ அனுமதி வாங்க வேண்டும்போல என்ற குழப்பத்தைக் கிளப்பிவிட்டன.

அந்தப் படிவத்தின் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், அநேகமாக எல்லாமே பூனையின் உடம்பிலிருந்தோ நம் சட்டத்தின் ஓட்டையிலிருந்தோ பிறந்தவை என்று புரியும். ஒன்றிரண்டு மட்டும் தேவைக்கு மேலான கெடுபிடி. அதையும் பார்ப்போம்.

சட்டம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

மீட்பகம் என்றதும் கூண்டுகள் வரிசையாக நிற்கும் பெரிய கட்டடம் நினைவுக்கு வரும். பூனைகள் விஷயத்தில் பெரும்பாலும் அப்படி இருக்காது. யாரோ ஒருவர் வீட்டின் பின்னறையில், மாடிப்படிக்குக் கீழே, சொந்தச் செலவில் வளர்த்துக்கொண்டிருப்பார். நிரந்தர வீடு கிடைக்கும்வரை இப்படிப் பார்த்துக்கொள்பவரைத்தான் 'ஃபாஸ்டர்' என்கிறார்கள். அவரிடமிருந்து குட்டியை நம் பொறுப்பில் எடுத்துக்கொள்வது தத்து. சட்டத்தின் நிலை இதுதான்:

1. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960. வளர்க்கும் பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது இதன் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கான தண்டனை 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை அபராதம். அச்சுப்பிழை இல்லை, ஐம்பதே ரூபாய்தான்.

2. பாரதிய நியாய சன்ஹிதா, 325ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, முடமாக்குவது ஆகியவற்றுக்கு ஐந்தாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இது கொடுமைக்கான பிரிவு. அலட்சியத்தால் தொலைத்ததற்கு இது வராது.

3. உச்ச நீதிமன்ற உத்தரவுகள். 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லி வட்டாரத் தெருநாய்களைக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது ஒன்று. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்று ஆகஸ்ட் 22 அன்று அதைத் திருத்தியது இன்னொன்று. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொன்னது நவம்பர் 7 உத்தரவு. மூன்றும் நாய்களைப் பற்றியவை. வீட்டில் பூனை தத்தெடுப்பதை இவை தடுக்கவில்லை, அதற்குப் புதிதாக நிபந்தனை போடவும் இல்லை.

ஆக, தத்துக் கொடுத்த பூனையை ஒருவர் அடுத்த மாதமே மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வந்தால், கொடுத்தவரால் சட்டத்தை வைத்துப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் கையெழுத்து வாங்கும் ஒப்பந்தம், அடையாள அட்டை நகல், தத்துக்குப் பிறகு வரும் விசாரிப்புகள் எல்லாம். உங்களைச் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 50 ரூபாய் அபராதத்தை நம்ப முடியாத நிலையில் அவர்கள் வேறென்னதான் செய்வார்கள்?

படிவத்தில் உள்ள கேள்விகள்

1. "குட்டிக்கு இரண்டு மாதம் ஆகட்டும்."

கண் திறந்து தள்ளாடி நடக்கும் நாலு வாரக் குட்டி பார்க்க அழகுதான். ஆனால் பூனைக்கு இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரைதான் உலகம் பழகும் காலம். அந்த நாட்களில் மனிதக் கை பட்டு, பேச்சுச் சத்தம் கேட்டு வளர்ந்த குட்டி ஆயுசுக்கும் மனிதரிடம் ஒட்டும். தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் புரண்டு விளையாடும்போதுதான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதையும் கற்றுக்கொள்கிறது. முன்கூட்டியே பிரித்த குட்டி நம் கையைக் கடித்துக் குதறுவதற்கு இதுவே காரணம். "ஜோடியாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவர்கள் வற்புறுத்துவதும் இதனால்தான். பகலெல்லாம் ஆளில்லாத வீடு என்றால் நானும் இரண்டைத்தான் சொல்வேன். எப்போதும் யாராவது இருக்கிற கூட்டுக் குடும்பத்தில் ஒன்றே போதும்.

இதே கணக்கின் மறுபக்கம் ஒன்று உண்டு. மனிதத் தொடுகையே இல்லாமல் வளர்ந்துவிட்ட பெரிய பூனையை வீட்டுப் பூனையாக மாற்றுவது பெரும்பாடு. அப்படிப்பட்டதைப் பிடித்து, கருத்தடை செய்து, பழைய இடத்திலேயே விட்டுவிடுவார்கள். அடையாளத்துக்கு ஒரு காதின் நுனியை மயக்கத்தில் இருக்கும்போதே வெட்டிவிடுவது உலகம் முழுக்க இருக்கும் வழக்கம். செவ்வாய்ப்பேட்டை மண்டிப் பக்கம் காது நுனி நேராக வெட்டுப்பட்ட பூனையைக் கண்டால் யாரோ காயப்படுத்திவிட்டார்கள் என்று பதற வேண்டாம். அதன் அறுவை முடிந்துவிட்டது என்று பொருள்.

2. "வாடகை வீடா?"

தத்துப் போன பூனை திரும்பி வருவதற்கு வீட்டுக்காரரின் ஆட்சேபம் ஒரு பெரிய காரணம். ஆனால் வாடகைக்குக் குடியிருப்பவர் என்றாலே கொடுக்க மாட்டோம் என்பது அதிகப்படி. வீட்டுக்காரரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி சம்மதம் வாங்கிக் காட்டினால் போதும் என்று வைத்துக்கொள்ளலாம். கல்யாணமாகாதவருக்குக் கிடையாது என்று சில இடங்களில் சொல்வதும் எனக்கு நியாயமாகப் படவில்லை.

3. "ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை உண்டா?"

பூனை எங்கிருந்து விழுந்தாலும் நாலு காலில் நிற்கும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. உடம்பைத் திருப்பிக்கொள்ளும், சரி. ஆனால் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தால் தாடை உடையும், நெஞ்சுக்குள் ரத்தம் கட்டும். அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ் பக்கத்து அடுக்ககங்களில் புறாவுக்காக அடிக்கிற நைலான் வலையை நம்ப முடியாது. பல்லால் கடித்தே ஓட்டை போட்டுவிடும். வெல்ட் மெஷ் எனப்படும் பற்றவைத்த கம்பிவலைதான் தாங்கும். ஓட்டு வீடு, பக்கத்துச் சுவரோடு ஒட்டிய மாடி என்றால் முழுதாக அடைப்பது கஷ்டம். அங்கே குறைந்தது இரவிலாவது உள்ளே வைத்திருக்கும்படி ஓர் அறையைத் தயார் செய்ய முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

4. "கருத்தடைக்கு ஒப்புக்கொள்கிறீர்களா?"

வாக்குவாதம் முற்றுவது இந்தக் கேள்வியில்தான். "ஒரு தடவையாவது குட்டி போட்டுப் பார்க்கட்டுமே, பாவம்" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். பெட்டைக்குட்டி நாலு, ஐந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஏறக்குறைய 65 நாள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினை பிடிக்கும். பூனையின் பருவத்தைத் தீர்மானிப்பது பகலின் நீளம். குளிர்நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் அதற்கு ஓய்வு கிடைக்கிறது. நம் பக்கம் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால் அந்த ஓய்வும் கிடையாது. ஈற்றுக்கு மூன்று, நாலு குட்டி என்றால் ஒரே பெட்டை ஒரு வருஷத்தில் தெருவை நிறைத்துவிடும். மீட்பகத்தின் பின்னறை நிரம்புவதும் இப்படித்தான்.

பூனைக்கும் இதில் லாபம் உண்டு. ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்த பெட்டைக்கு மார்புக் கட்டி வரும் வாய்ப்பு சுமார் 90 சதவீதம் குறைகிறது. பூனைக்கு வரும் மார்புக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய்க் கட்டிகள் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. கடுவன் என்றால் சுவரில் மூத்திரம் பீச்சுவது, ராத்திரியெல்லாம் கத்துவது, சண்டை போட்டுக் காதைக் கிழித்துக்கொண்டு வருவது எல்லாம் வெகுவாகக் குறையும். பூனைகளின் எதிர்ப்புச் சக்தியைத் தின்னும் எஃப்.ஐ.வி. வைரஸ் முக்கியமாகச் சண்டைக் கடியின் வழியே பரவுவது. அது மனிதருக்குத் தொற்றாது.

5. "என்ன சாப்பாடு போடுவீர்கள்?"

பால்சோறு, தயிர்ச்சாதம் என்று எழுதினால் அங்கே முகம் சுளிப்பார்கள். பூனை முழு மாமிச உண்ணி. டாரின் என்ற அமினோ அமிலத்தை அதன் உடம்பு போதுமான அளவு தயாரிக்காது. இறைச்சியிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். இதயநோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பு உறுதியானது 1987இல். அதனால் சைவ வீட்டில் பூனை வளர்க்கக் கூடாது என்றில்லை. கடையில் விற்கும் பூனைத் தீவனத்தில் டாரின் சேர்த்திருப்பார்கள். நாய்த் தீவனத்தில் பூனைக்குப் போதுமான அளவு இருக்காது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கில் முடியும். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்பு ரத்த அணுக்களைச் சிதைக்கும்.

தடுப்பூசி அட்டையைப் படிப்பது எப்படி

"ஊசி போட்டாச்சு" என்ற வாய்வார்த்தையை ஏற்க வேண்டாம், அட்டையைக் கேளுங்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், தேதி, மருத்துவரின் கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். பூனைக்கு முக்கியமானவை இரண்டு. மூன்று நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசி ஒன்று, வெறிநோய்க்கானது மற்றொன்று.

முதல் ஊசியில் அடங்கும் மூன்றில் ஆபத்தானது பேன்லூக்கோபீனியா. நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸின் நெருங்கிய உறவு இது. காலையில் துள்ளிய குட்டி மாலையில் தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும், குடிக்காது. அப்புறம் வாந்தி, பேதி. சிகிச்சை கிடைக்காத குட்டிகளில் பாதிக்கு மேல் இறந்துவிடும். தரையிலும் பாயிலும் இந்த வைரஸ் ஒரு வருஷம் வரைகூட உயிரோடு கிடக்கும். உங்கள் வீட்டில் சமீபத்தில் பூனை ஏதாவது இறந்ததா என்று படிவத்தில் கேட்பது இதற்குத்தான். மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நம் வீடுகளின் பழக்கமான ஃபினாயில் இங்கே இரட்டைத் தவறு. பார்வோ வகை வைரஸ்களை ஒழிக்க அதை நம்ப முடியாது. ஃபீனால் சேர்ந்த திரவங்கள் பூனையின் ஈரலுக்கு விஷமும்கூட. துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். கடையில் விற்கும் பிளீச் திரவத்தை ஒன்றுக்கு 32 பங்கு தண்ணீரில் கலந்து, பத்து நிமிஷம் ஊறவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும்.

ஒரே ஊசியை ஏன் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்பது அடுத்த சந்தேகம். தாயின் சீம்பாலில் குட்டிக்குக் கிடைத்த எதிர்ப்புச் சக்தி, தடுப்பூசியையும் எதிரியாக நினைத்து அழித்துவிடுகிறது. அந்தத் தாய்வழிச் சக்தி ஒரு குட்டிக்கு எட்டாம் வாரத்தில் தீரும், இன்னொன்றுக்குப் பதினான்காம் வாரம் வரை நீடிக்கும். எப்போது தீர்ந்தது என்று வெளியே தெரியாது. அதனால் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை போடுகிறார்கள். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில், பிறகு ஆண்டுதோறும்.

ஆகவே இரண்டு மாதக் குட்டியின் அட்டையில் ஒரே ஓர் ஊசி இருந்தால் அது குறையில்லை. மீதியைப் போடும் பொறுப்பு உங்களுக்கு வருகிறது, அவ்வளவுதான். கேட்கும் தொகையையும் இதோடு வைத்துப் பாருங்கள். குடற்புழு மருந்து, தெள்ளுப்பூச்சி மருந்து, ஊசி, பெரிய பூனையென்றால் அறுவையும் முடித்துக் கொடுக்கும்போது அவர்கள் கேட்பது செலவில் ஒரு பகுதியாகத்தான் இருக்கும். ரசீதும் அட்டையும் இல்லாமல் 'பெர்ஷியன் தத்து' என்று பெருந்தொகை கேட்டால் அது மறைமுக வியாபாரம், விலகிவிடுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் சப்பை மூக்கும் அடர்ந்த ரோமமும் கொண்ட அந்தப் பூனை மூச்சு வாங்கிக் கிடப்பது தனிக் கொடுமை.

சமவெளிக்கு ஒன்று, மலைக்கு ஒன்று

அம்மாபேட்டை மாதிரித் தறி ஓடும் பகுதிகளில் யாரும் சொல்லாத ஆபத்து ஒன்று உண்டு: நூல். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் பின்னோக்கிச் சாய்ந்தவை. நூல் ஒட்டிக்கொண்டால் துப்ப முடியாமல் விழுங்கத்தான் முடியும். ஒரு நுனி நாக்கடியில் சிக்கி மறுநுனி குடலுக்குள் இறங்கினால், குடல் சுருக்குப்பை போலச் சுருங்கி அறுபட்டுவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்கவே கூடாது. அப்படியே தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். ராட்டையும் பாவும் இருக்கும் அறைக்குக் கதவு வேண்டும்.

மருத்துவத்துக்கு ஊர் மாட்டாஸ்பத்திரியில் தொடங்கலாம். பெரிய சிக்கல் என்றால் நாமக்கல், தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் எட்டும் தூரத்தில் இருப்பது நம் மாவட்டத்தின் வசதி.

ஏற்காட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே பெரிய பூனைக்குத் தீனியை நிறுத்திவிடலாம். சின்னக் குட்டிக்கு எவ்வளவு நேரம் என்று மருத்துவரைக் கேளுங்கள். மடியில் வைத்துக்கொண்டு போவது வேண்டாம், மூடிய கூடைதான் சரி. மேலே ஈரக் காற்றில் படர்தாமரை சுலபமாகக் காயாது, தும்மலும் கண்ணீரும் நீடிக்கும்.

அதைவிட முக்கியம் காடு. காபித் தோட்டங்களில் களையெடுக்கும்போது கிடைக்கும் 'பூனைக்குட்டி' உண்மையில் காட்டுப்பூனைக் குட்டியாகவோ மரநாய்க் குட்டியாகவோ இருக்கலாம். நீண்ட கால்கள், குட்டை வாலில் கருவளையங்கள், காது நுனியில் கருமயிர் இருந்தால் காட்டுப்பூனை என்று சந்தேகப்பட வேண்டும். இவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வீட்டுக்குக் கொண்டுபோவது குற்றம். தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகத்தான் கவ்வி இடம் மாற்றும். நடுவே ஒன்றை நாம் தூக்கிவிட்டால் அது அநாதை ஆகிவிடும். தள்ளி நின்று சில மணி நேரம் பார்ப்பது, தாய் வரவே இல்லை என்றால் வனத்துறைக்குச் சொல்வது, இதுதான் முறை.

சேர்வராயன் மலையில் வளர்ப்புப் பூனையை வெளியே அலையவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2000இல் அறிவியலுக்கு அறிமுகமான, ஏற்காட்டின் பெயரையே தாங்கிய பாறைப்பல்லி ஒன்றும், மண்ணுக்குள் வாழும் விஷமில்லாத கேடயவால் பாம்பு ஒன்றும் இந்த மலைக்கே உரியவை. பசியில்லாத பூனையும் வேட்டையாடும்.

வீட்டில் உள்ள மனிதர்களுக்கு

கீறலோ கடியோ பட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெறிநோய் பூனையாலும் பரவும். ரத்தம் வராத கீறலுக்கும் ஊசி தேவைப்படலாம். ரத்தம் வந்திருந்தால் உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் சேர்த்துப் போடுவார்கள். மஞ்சள், சுண்ணாம்பு வைத்துக் கட்டுவது வேண்டாம்.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையே கூடாது என்று பாட்டிமார் சொல்வதன் அடிப்படை டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. முதன்முறை தொற்றிய பூனை ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை மட்டுமே மலத்தில் அதை வெளியேற்றும். அந்த மலமும் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். ஆக, தினமும் மலத்தொட்டியை வேறொருவர் சுத்தம் செய்தால் ஆபத்து மிகவும் குறைந்துவிடும். சரியாக வேகாத கறியும் கழுவாத கீரையும் இதைவிடக் கவனிக்க வேண்டியவை. மூச்சிழுப்புக்குக் காரணம் பூனை முடி என்பதும் முழுக்கச் சரியில்லை. எச்சிலிலும் தோல் சுரப்பிலும் உள்ள ஒரு புரதம்தான் ஒவ்வாமையைக் கிளப்புகிறது, முடி அதைச் சுமந்து வருகிறது. ஆஸ்துமா உள்ளவர் எடுப்பதற்கு முன் ஃபாஸ்டர் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

ஒத்துவரவில்லை என்றால்

ஒப்பந்தத்தின் கடைசி வரி அநேகமாக இப்படி இருக்கும்: "வளர்க்க முடியாமல் போனால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது." முதல் வாரத்தில் கட்டிலுக்கடியிலிருந்து வராது, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாது. இதையெல்லாம் 'ஒத்துவரவில்லை' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புது வீட்டின் வாசனை பழக மூன்று வாரமாவது கொடுங்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒரு நாள் போனால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அதன் பிறகும் முடியவில்லை, இடமாற்றம் வந்துவிட்டது, குழந்தைக்கு மூச்சிழுப்பு வருகிறது என்றால் தயங்காமல் ஃபாஸ்டரிடம் சொல்லலாம். அவர்கள் திட்டினாலும் வாங்கிக்கொள்வார்கள். மார்க்கெட்டில் விட்டால் மீன் தின்று பிழைத்துக்கொள்ளும் என்ற நினைப்பு தப்பு. அங்கே ஏற்கெனவே இருக்கும் கடுவன்கள் புதிதாக வந்ததை இருக்கவிடாது. திருப்பிக் கொடுக்கும்போது தடுப்பூசி அட்டை, அது படுத்த துணி, இப்போது சாப்பிடும் தீவனத்தில் ஒரு வாரத்துக்கானது மூன்றையும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள். கடைசியாக எப்போது புழு மருந்து கொடுத்தீர்கள் என்ற தேதியையும் அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.